நான் நிறுத்தும் வரை

சாவி கைப்பையில் கிடந்தது. டாக்டர் இன்னும் அந்த வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை.

இந்த வருடத்தில் அது மூன்றாவது வீடு. முதல் வீட்டின் முகவரியை யாரோ இணையத்தில் போட்டார்கள். அவள் படம், கைபேசி எண், மகள் நீச்சல் கற்கும் இடம், எல்லாம் அதில் இருந்தன. மேலே ஒரு வரி: வாயில்லாத ஜீவனைப் பாதி உயிரில் விட்டுவிட்டுப் போனவள் இவள்தான். யார் போட்டது, எந்த ஜீவன், ஒன்றும் தெரியவில்லை. கால்நடை மருத்துவர் கையில் சாகும் உயிர்கள் ஒன்றா இரண்டா.

போன் ஓயவில்லை. கேட்டுக்கு வெளியே ஆட்கள் வந்து நின்றார்கள். ஒருவன் செத்த எலியைக் காகித உறையில் போட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனான். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு அதை எடுத்தாள். வயசான எலி, தானாகச் செத்திருக்கிறது என்று தோன்றியது. அதற்கு மேல் எதுவும் தோன்றவில்லை.

மகளை அக்கா வீட்டில் விட்டாள். வேறு வீடு பார்த்து மாறினாள். பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் அந்த முகவரியும் வெளியே வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாத முகவரி. தபால்காரருக்கே தெரியாது.

போலீசுக்குப் போனாள். "பேரு, நம்பர், வீடு, இதெல்லாம் போடறது தப்புதான் மேடம். ஆனா அதுக்குன்னு சட்டம் இல்லையே" என்றார்கள். மிரட்டினானா, அடித்தானா, பணம் கேட்டானா என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொன்னாள். அப்படியானால் போய்விட்டு வாருங்கள் என்றார்கள்.

பிறகு சட்டம் வந்தது. ஒருவருடைய சொந்த விவரங்களை அவருக்குக் கெடுதல் செய்யும் எண்ணத்தோடு இணையத்தில் பரப்பினால் சிறை. வேறு ஊரில் யாருக்கோ இதைவிட மோசமாக நடந்து, அவர் செத்துப்போய், அதன் பேரில் வந்த சட்டம். வந்த மறு வாரமே இன்ஸ்பெக்டர் அம்மா கூப்பிட்டுவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அம்மாவின் மேஜையில் ஒரு கண்ணாடிக் குடுவை. அதில் ஒற்றை மீன். டாக்டர் உட்கார்ந்ததும் அதைத்தான் பார்த்தாள். செதில் வெளுத்திருந்தது.

"தண்ணிய மாத்துங்க" என்றாள்.

"மீனுக்குமா பாப்பீங்க? இருங்க, முதல்ல உங்களப் பாக்கலாம்." இன்ஸ்பெக்டர் ஒரு பெயரைச் சொன்னார். "இந்த ஆளத் தெரியுமா? உங்க விவரமெல்லாம் போட்ட கணக்கு இவரோடதுதான். கம்பெனிக்காரன் இப்பத்தான் பேர் குடுத்தான்."

டாக்டர் போனில் அந்தப் பெயரைத் தேடினாள். இல்லை.

"நல்லா யோசிங்க. ரெண்டு வீட்டயும் கண்டுபிடிச்சிருக்கார். பொண்ணு போற எடம் தெரியுது. பின்னாடியே சுத்தினாக்கூட இவ்வளவு தெரியாது. போனக் குடுங்க ஒரு நிமிஷம்."

இன்ஸ்பெக்டரின் விரல் அந்தத் திரையில் எங்கெங்கோ போயிற்று. வரைபடத்தைத் திறந்தார். விரல் நின்றது.

"நீங்க எங்க இருக்கீங்கன்னு ஒருத்தருக்கு இப்பவும் போயிட்டிருக்கு மேடம்."

"யாருக்கு?"

"துரை அப்பா. அந்தக் கணக்குக்காரரோட நம்பர்தான் இது. யாரு, உங்க மாமனாரா?"

"நாய்."

"நாயோட அப்பாவா?"

"நாய் பேரு துரை. அவர் அதுக்கு அப்பா."

இன்ஸ்பெக்டர் சிரிக்கத் தொடங்கி, டாக்டரின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் போனில் மனிதர்களின் பெயர் கிடையாது. பிஸ்கட் அம்மா, குண்டு மாமா, கருப்பி அக்கா என்றுதான் இருக்கும். இரவில் யாராவது பதறிக்கொண்டு கூப்பிட்டால், வீட்டுக்காரர் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எந்த உயிர் என்றல்லவா தெரிய வேண்டும். அந்த உயிர் போய்விட்டால் அந்த எண்ணை அழிக்க மாட்டாள். 'அமைதி' என்று தனியாக ஒரு பிரிவு வைத்திருந்தாள், அதற்குள் தள்ளிவிடுவாள். முன்பொரு தடவை செத்துப்போன பூனைக்குத் தடுப்பூசி போட நாளாகிவிட்டது என்று தானாகச் செய்தி போய், அந்த வீட்டம்மா போனில் அழுதார். அன்றிலிருந்து இந்த வழக்கம். 'அமைதி'க்குள் போன பெயரை அவள் திரும்பப் பார்ப்பதில்லை.

துரையை நினைவுக்குக் கொண்டுவந்தாள். பெரிய, கிழட்டு நாய். இடுப்பு விழுந்துவிட்டது. வளர்த்தவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒண்டிக்கட்டை. ஊசி போட்டு ஒரேயடியாகத் தூங்க வைப்பதற்கு வீட்டுக்கே வரச் சொன்னார்.

அப்படிப் போகும்போது அழைப்பு மணி அடிக்கக் கூடாது. மணி கேட்டால் எழ முடியாத நாய்கூட எழப் பார்க்கும், வாசலைப் பார்த்து மிரளும். அதனால் வண்டி எடுக்கும்போதே தான் வரும் வழி தெரிகிற மாதிரி வரைபடத்தை அனுப்பிவிடுவாள். தெருமுனைக்கு வந்துவிட்டதைப் பார்த்து அவர்கள் நாயை விரிப்பில் படுக்க வைத்துவிட்டு, சத்தமில்லாமல் கேட்டைத் திறந்து வைக்க வேண்டும். எவ்வளவு நேரம் காட்ட வேண்டும் என்று போன் கேட்கும். ஒரு மணி நேரம் என்று ஒன்று இருக்கும். நான் நிறுத்தும் வரை என்று ஒன்று இருக்கும். நெரிசலில் மாட்டினால் ஒரு மணி நேரம் எந்த மூலைக்கு? எப்போதும் இரண்டாவதைத்தான் அழுத்துவாள். வேலை முடித்து வண்டியில் ஏறியதும் நிறுத்துவாள்.

அன்றைக்கு நிறுத்தவில்லை.

"அப்ப இவரப் பிடிச்சிடலாமா?" என்று கேட்டாள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "அங்கதான் சிக்கல். இவர் போட்டது ரெண்டுமே சட்டத்துக்கு முன்னாடி. அதுக்கப்புறம் அழிச்சுட்டார். மத்தவங்க எடுத்து வச்சுக்கிட்டு சுத்த விட்டுட்டிருக்காங்க. அவங்கள்ல நாலு பேர பிடிக்கலாம். ஆனா வேரு இவரு. பழச வச்சு இவர ஒண்ணும் செய்ய முடியாது. புதுசா போடணும்."

"போடலன்னா?"

"போட வைக்கலாம்." இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "இத நிறுத்தாதீங்க. அது பாட்டுக்கு ஓடட்டும். வேற வீடு பாத்திருக்கேன்னீங்கல்ல? அங்க போய் இருங்க. கை சும்மா இருக்காது, போடுவார். போட்ட அன்னைக்கே தூக்கிடறோம். இந்த ஸ்டேஷன்ல இதுதான் முதல் கேஸா இருக்கும்."

டாக்டர் தலையாட்டினாள். மரத்துப்போக ஊசி போட்ட பிறகு நாய்கள் தங்கள் காலைத் தைப்பதைத் தாங்களே பார்த்துக்கொண்டிருக்கும், யாருடைய காலோ என்பது போல. அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போகும்போது, "தண்ணிய முழுசா மாத்தாதீங்க. பாதி மட்டும்" என்றாள்.

அக்காவுக்குப் போன் செய்தாள்.

"என்னடி சொல்ற? உன்னையத் தூண்டில்ல கோத்து விட்டிருக்காங்களா?"

"அப்படித்தான்."

"அப்படித்தான்னு சாவகாசமா சொல்றா பாரு. அந்தாளு உன்னப் பாத்துட்டே இருப்பானா?"

"ம்."

"அப்ப இங்க வந்து போனதெல்லாம்?"

"தெரிஞ்சிருக்கும்."

பின்னால் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. அக்கா குழாயை மூடினாள்.

"தப்பா நெனச்சுக்காத. அது முடியற வரைக்கும் நீ இங்க வராத."

"வரல."

"புள்ளைக்காகச் சொல்றேன்."

"தெரியும்க்கா."

போன் கை மாறியது. "அம்மா, எப்ப வருவ?" என்றாள் வாலு. வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"வரேன்."

"வரேன் வரேன்னுதான் சொல்ற. பெரியம்மா வீட்டுல தலகாணி கல்லு மாதிரி இருக்கு."

"ஏய், காதுல விழுது" என்றாள் அக்கா பின்னாலிருந்து.

"அம்மா, நம்ம புது வீட்டுல மாடி இருக்கா?"

"இருக்கு."

"நீ ஏறினியா?"

"இன்னும் இல்ல."

டாக்டர் கிளினிக்கிலேயே தங்கினாள். உடம்பு தேறும் உயிர்களுக்கான அறையில் மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டாள். கூண்டில் ஒரு முயலும் கால் முறிந்த பூனையும் இருந்தன. பூனை அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வழக்கம்போல ஊசி போட்டாள், தையல் போட்டாள், காதில் உண்ணி எடுத்தாள். வீடுகளுக்குப் போகிற வேலையை மட்டும் எடுக்கவில்லை. உதவியாளர் பெண் கேட்டதற்கு வண்டி சரியில்லை என்றாள். "வண்டி நல்லாத்தான் இருக்கு டாக்டர், நீங்கதான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் டீ கொண்டுவந்து வைத்தாள். ஆறிப்போன பிறகு குடித்தாள்.

ஒரு நாள் மருந்து வாங்கிவிட்டுத் திரும்பும்போது புது வீட்டுத் தெருவின் முனைக்கு வந்துவிட்டாள். இண்டிகேட்டரைப் போட்டாள். அது டிக் டிக் என்றது. பின்னால் வந்தவன் ஹாரன் அடித்தான். திரும்பாமல் நேரே போனாள்.

இன்ஸ்பெக்டர் அம்மா கூப்பிட்டார். "மீன் பரவாயில்ல மேடம். புது வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"இல்ல."

"போனாத்தானே அவர் போடுவார்."

"போட்டா?"

"தூக்கிடுவோம்."

"வீடு?"

"வேற வீடு பாத்துக்கலாம் மேடம். கேஸ் நிக்கணுமில்ல."

டாக்டர் போனை வைத்தாள். பூனையின் காலைப் பிரித்துப் பார்த்துக் கட்டினாள். கையைக் கழுவினாள். கைப்பையைத் திறந்து சாவி இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு வண்டியை எடுத்தாள்.

வழி மறக்கவில்லை. பெட்ரோல் பங்க், டயர் கடை, பூங்கா. தெருமுனையில் திரும்பியதும் வேகத்தைக் குறைத்தாள். அடையாளம் தேட வேண்டியிருக்கவில்லை. துரையின் அப்பா நீல கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். சத்தமில்லாமல். அன்றைக்கு நின்றது போலவே.

இறங்கினாள்.

"வர்றது தெரிஞ்சுது" என்றார். "டயர் கடைகிட்ட வரும்போது டீ போட்டேன்."

"வேணாம்."

"உள்ள வாங்கம்மா. தெருவுல நின்னு பேசற விஷயமா இது."

கூடத்தில் விரிப்பு அப்படியே கிடந்தது, நாயின் அளவுக்கு நடுவில் பள்ளத்தோடு. அதற்குப் பக்கத்தில் சோற்றுத் தட்டு கவிழ்த்திருந்தது. தட்டின் மேல் டேப்லெட்டைச் சாய்த்து வைத்திருந்தார். திரையில் அவர் தெரு. தெருவில் ஒரு நீலப் புள்ளி. அது அவள்.

அவள் அதைப் பார்ப்பதைப் பார்த்தார். "சட்டம் வந்ததிலேர்ந்து நான் ஒண்ணும் எழுதறதில்ல. பேப்பர்ல படிச்சேன். பாக்க மட்டும்தான் செய்றேன். பாக்கறது குத்தம் இல்லையாம்ல."

"எனக்குத் தெரியாது."

"விசாரிச்சேன். இல்லையாம்." நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை. "வீட்டுக்கே போறதில்ல போலயே நீங்க. ஆஸ்பத்திரியிலயே இருக்கீங்க. நேத்து மத்தியானம் வெளியவே வரல. சாப்பிட்டீங்களோ என்னவோன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவர் கரிசனமாகத்தான் சொன்னார். டாக்டர் தன் கைகளைப் பார்த்தாள்.

"என் வீட்டுக்கு எலிய அனுப்பினாங்க" என்றாள்.

"எலியா? நான் எலி அனுப்பலம்மா."

"நீங்க வீட்ட அனுப்பினீங்க."

அவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பஸ் ஓட்டிய கை, தம்ளர் அதற்குள் மறைந்துவிட்டது.

"மூச்சு விட்டான்" என்றார். "நீங்க காதுல மாட்டிப் பாத்துட்டு முடிஞ்சுதுன்னு சொன்னீங்க. உடனே உங்க போன் அடிச்சுது, வெளிய போயிட்டீங்க. அதுக்கப்புறம் மூச்சு விட்டான். பெருசா, வாயத் தொறந்து. நான் உங்களக் கூப்பிட வாசலுக்கு ஓடி வந்தேன். நீங்க போன்ல சிரிச்சுட்டிருந்தீங்க. திரும்பி உள்ள போனேன். அதுக்குள்ள போயிட்டான். நான் பக்கத்துல இல்ல."

டாக்டருக்கு அந்தப் பகல் முழுசாகத் திரும்பி வந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் வெயில். காதில் வாலுவின் குரல். அம்மா, பல்லு விழுந்துடுச்சு, நான் அழவே இல்ல தெரியுமா.

"அது மூச்சு இல்ல" என்றாள். "இதயம் நின்ன பிறகும் உடம்பு ஒரு தடவ, ரெண்டு தடவ இழுக்கும். துரை அதுக்கு முன்னாடியே போயிட்டான். நீங்க பக்கத்துலதான் இருந்தீங்க."

"நெஜமா?"

"எல்லார்கிட்டயும் முன்னாடியே சொல்லிடுவேன். ஊசி போட்டதும் சொல்வேன். அன்னைக்கு போன் வந்துடுச்சு. சொல்லல."

அவர் விரிப்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருக்கலாம்."

"ஒரு வார்த்த."

"ஆமா. நீங்களும் எனக்கு ஒரு போன் போட்டுத் திட்டியிருக்கலாம். ஒரு போன்."

அவர் தம்ளரைச் சன்னல் திட்டில் வைத்தார்.

"அன்னைக்குப் பேசினது என் பொண்ணு. பல்லு விழுந்துச்சுன்னு சொன்னா."

"முன் பல்லா?"

"முன் பல்லு."

"சின்னப் புள்ள" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. பிறகு, "என்னய உள்ள வைப்பாங்களா?" என்றார்.

"மாட்டாங்க. நீங்க போட்டது சட்டத்துக்கு முன்னாடி. இன்னொரு தடவ போட்டாத்தான். அதுக்குத்தான் இத ஓட விடச் சொன்னாங்க."

"அப்ப ஏன் இத எங்கிட்ட சொல்றீங்க?"

"எனக்கு வீடு வேணும்."

போனை எடுத்தாள். வரைபடத்தைத் திறந்தாள். துரை அப்பா. நிறுத்தவா என்று கேட்டது. அழுத்தினாள். கவிழ்த்த தட்டின் மேலிருந்த திரையில் தெரு மட்டும் மிச்சமிருந்தது.

அவர் குனிந்து பார்த்தார். திரையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நின்னுடுச்சே" என்றார்.

அந்தக் குரலை அவள் பல வீடுகளில் கேட்டிருக்கிறாள். வழக்கத்தில், யோசிக்காமல், வாயில் வந்தது.

"முடிஞ்சுது."

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்தாள். கேட்டை அவர் மூடவில்லை. தெருவைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி இன்ஸ்பெக்டர் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"நிறுத்திட்டேன்."

"எத? ஐயோ, கெடுத்துட்டீங்களே மேடம். இனிமே அவர ஒண்ணுமே பண்ண முடியாதே."

"தெரியும். சுத்த விட்டவங்க நாலு பேருன்னீங்கல்ல. அவங்க மேல எழுதுங்க. கையெழுத்துப் போட வரேன்."

"அவங்க வெறும் கிளைதானே மேடம்."

"எலி வச்சவன் அதுலதான் இருப்பான்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். "நாளைக்கு வாங்க. பழைய அட்ரஸ் போட்டுக்கறேன். புதுச எங்கயும் சொல்லாதீங்க, எங்கிட்டயும்."

அக்கா வீட்டு வாசலில் வாலு பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள். அக்கா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "கல்லுத் தலகாணிய விட்டுட்டுப் போறா பாரு." பிறகு தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். "அழுது தொலையேண்டி ஒரு தடவ."

"வரலக்கா."

"வரும்போது கூப்பிடு."

வழியெல்லாம் வாலு பேசிக்கொண்டே வந்தாள். டாக்டர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருமுனையில் இண்டிகேட்டரைப் போட்டுத் திரும்பினாள்.

புது வீட்டுப் பூட்டு இறுக்கமாக இருந்தது. உள்ளே சுண்ணாம்பு வாடை. வாலு செருப்போடு மாடிக்கு ஓடினாள். மேலேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். விழுந்த இடத்தில் புதுப் பல் முக்கால்வாசி வந்திருந்தது. விளிம்பு ரம்பம் மாதிரி. அது முளைத்ததை டாக்டர் பார்க்கவில்லை.

"அம்மா, நம்ம வீட்ட மேப்புல போட்டு விடச் சொன்னா பெரியம்மா. ஞாயித்துக்கிழம வருவாளாம்."

டாக்டர் போனைக் கையில் எடுத்தாள். வரைபடம் திறந்தது. நீலப் புள்ளி இந்த வீட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. கட்டைவிரல் அதன் மேல் நின்றது. நின்றபடியே இருந்தது. பிறகு அதை மூடிவிட்டு அக்காவைக் கூப்பிட்டாள்.

"பெரிய ரோட்டுலேர்ந்து உள்ள வா. ஒரு சலூன் வரும். அத ஒட்டி இடது கைப் பக்கம் திரும்பு. தண்ணி டேங்க் தெரியும். அது வரைக்கும் போகாத. அதுக்கு முன்னாடியே பச்சைக் கதவு."

"என்னடி இது, ஊருக்குப் புதுசா வந்தவளுக்கு வழி சொல்ற மாதிரி. ஒரு மேப்ப அனுப்ப மாட்டியா?"

"மாட்டேன்."

"சரி, இரு. பேனா எடுத்துக்கறேன்."

"எழுதாத" என்றாள் டாக்டர். "ஞாபகம் வச்சுக்கோ. சலூன். இடது கைப் பக்கம்."